கேட் பூட்டியாச்சா? – இல்லத் திரைப்பார்வை மெய்ப்பாட்டியல்: ஒரு முன்னாய்வு

தமிழில் ஆராய்வதற்குத் தலைப்பே மிச்சமில்லை என்று முனைவர் பட்ட மாணவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. சங்க இலக்கியத்தில் யானை முடிந்துவிட்டது. யானைக்குப் போட்ட கவளமும் முடிந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டு ஹாலில் ஒரு படம் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் “படம் எப்படி?” என்று கேட்பவரிடம் நாம் உதிர்க்கும் அந்த ஒன்றரை வரி இருக்கிறதே, அதைப் பற்றி உருப்படியான கட்டுரை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. “பாக்கலாம்”, “பரவால்ல”, “ஒரு தடவ ஓட்டலாம்”, “மொக்க”, “நீ பாரு, உனக்குப் பிடிக்கும்”. நாடு முழுக்க நாள்தோறும் வழங்கும் இந்த விமர்சன மரபைத் தமிழ்த்துறைகள் கண்டுகொள்ளாமல் இருப்பது நியாயமன்று. அக்குறையைப் போக்கவே இம்முயற்சி.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். தியேட்டரில் பார்த்த படத்துக்குச் சொல்லும் கருத்து இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அங்கே டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று செலவு செய்தவர் ஒன்று செலவை நியாயப்படுத்துவார், இல்லையேல் செலவுக்காக அழுவார். இரண்டிலும் படம் பேசப்படுவதில்லை. வீட்டில் பார்த்த படத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே அங்கே உண்மை வெளிப்படும் என்று எண்ணத் தோன்றும். அற்றன்று. வீட்டில் பார்த்த படத்தைப் பற்றி வாய் சொல்வது எதுவும் சான்றாகாது. பார்க்கும்போது உடம்பு செய்தது எதுவோ அதுவே சான்று. இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

இந்தக் கருதுகோள் எனக்குச் சொந்தமானதல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாக மெய்ப்பாட்டியலை வைத்தவர், உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரியும் என்பதை அன்றே சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிரிப்பு, அழுகை, அச்சம், கோபம் முதலாக எட்டு. ஒவ்வொன்றும் தோன்றும் இடம் நான்கு நான்காக முப்பத்திரண்டு. இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தது. பலர் அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டதால்தான் இந்தத் துறை வளரவில்லை. அந்த எட்டுக்கும் அப்பால் இன்னொரு நீண்ட பட்டியல் அவ்வியலிலேயே இருக்கிறது. அதில் துஞ்சல் உண்டு, மடிமை உண்டு, ஐயம், ஆராய்ச்சி, விரைவு, பொறாமை எல்லாம் உண்டு. ஓடிடி வருவதற்கு முன் இவை எதற்கு என்று உரையாசிரியர்கள் திணறியிருக்க வேண்டும். இன்று நமக்குத் தெளிவாகவே விளங்குகிறது. துஞ்சலாவது, பெரியப்பா. மடிமையாவது, சோபாவுக்கு அடியில் விழுந்த ரிமோட்டை எடுக்கச் சோம்பி, பிடிக்காத படத்தைக் கடைசிவரை பார்ப்பது. விரைவாவது, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் கைபேசியில் இந்த வசதியைக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு சோதித்துப் பார்த்தபோதே ஹாலிவுட் இயக்குநர்கள் சிலர் கொதித்தார்கள். எங்கள் அக்கா மகன் கொதிக்கவில்லை. சோகக் காட்சியில் கதாநாயகி கிரிக்கெட் வர்ணனையாளர் வேகத்தில் அழுவது அவனுக்கு இயல்பாகவே படுகிறது.

பொறாமை எங்கே வருகிறது என்பார்க்கு: “நாங்க அதைப் போன வாரமே பாத்துட்டோம்” என்று பக்கத்து வீட்டார் சொல்லும்போது வருகிறது.

இனி, ஐயம். இல்லத் திரைப்பார்வையில் தலையாய மெய்ப்பாடு இதுவே என்பது என் துணிபு. கதை புரியாமல் வரும் ஐயத்தைச் சொல்லவில்லை. அது சிறுபான்மை. பெரும்பான்மை ஐயம் ஒன்றே: “இவன் எதுல வந்தான்?” திரையில் ஒரு துணை நடிகர் தோன்றி வாயைத் திறப்பதற்குள் இந்த வினா ஹாலில் எழும். எழுந்தபின் விடை கிடைக்கும்வரை கதை நகராது. பெயரைக் கைபேசியில் தேடுவார் ஒருவர், அதுவே ஆராய்ச்சி. தேடிக் கண்டுபிடித்துத் தலை நிமிர்வதற்குள் அந்த நடிகர் செத்துப்போயிருப்பார்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டை விரித்துச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் வெளிவந்த ‘பார்க்கிங்’ படத்தை எங்கள் வீட்டில் நால்வர் பார்த்தோம். ஒரே வீட்டில் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். வண்டி நிறுத்த ஒரே இடம். அதற்கு இருவர் அடித்துக்கொள்வதுதான் படம். கீழ்வீட்டு அரசு ஊழியராக எம்.எஸ். பாஸ்கர் வந்து நின்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது நம்ம பட்டாபில்ல?”

‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரில் பட்டாபியாக வந்தவர்தான். ஆமாம் என்றோம். அத்தோடு முடியும் என்று நினைத்தால், பட்டாபி கோபப்படும்போதெல்லாம் அம்மா சிரித்தார். பட்டாபி பல்லைக் கடித்தால் சிரிப்பு. பட்டாபி கார் வாங்கினால் சிரிப்பு. அப்பாவுக்கு வேறு மெய்ப்பாடு. அவர் படத்தைப் பார்க்கவில்லை, பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தார்.

“வண்டி வாங்குறதுக்கு முன்னாடி விடுறதுக்கு எடம் இருக்கான்னு பாக்க வேணாமா? அது என்ன புத்தி?”

இது மேல்வீட்டு ஐ.டி. இளைஞனை நோக்கிச் சொன்னதுபோல இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் அத்தானின் கார் அப்போது தெருவில், எதிர்வீட்டுக் கேட்டை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நின்றிருந்தது. அத்தான் புரிந்துகொண்டு, “மாமா, தப்பு ஹவுஸ் ஓனர் மேலதான். குடி வைக்கும்போதே எழுதி வாங்கியிருக்கணும்” என்றார். அடுத்த கால்மணி நேரம் திரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா “படம் எப்படி?” என்று கேட்டபோது அப்பா சொன்னது: “நல்ல கருத்து.” அம்மா சொன்னது: “செம காமெடி.” ஒரே படம், ஒரே சோபா. வாய்ச் சான்று எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் 71ஆவது தேசிய விருதுகளை அறிவித்தபோது இந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படம் விருதும், பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருதும் கிடைத்தன. அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு, “நான் அன்னைக்கே சொன்னேன்ல, பட்டாபின்னு” என்றார். இதைத் தீர்க்கதரிசனம் என்று கொள்வாரும் உளர்.

அடுத்தது அழுகை. தியேட்டரில் அழுவது எளிது, இருட்டு காப்பாற்றும். வீட்டில் டியூப்லைட் எரிகிறது, எதிரில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே வீட்டில் ஆண்கள் அழுவதில்லை. பதிலாக எழுந்து போகிறார்கள். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பரில் வந்தது. தியேட்டரில் நீளம் என்று குறை எழுந்து, சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடம் வெட்டப்பட்டது. அடுத்த மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது அக்கா வீட்டில் பார்த்தோம். சொந்த வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன அரவிந்த்சாமி, பல ஆண்டு கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு வந்து, வாங்கி வந்ததை மேடையில் வைத்துக் கொடுக்கும் இடம். அத்தான் திடீரென்று எழுந்தார்.

“கேட் பூட்டியாச்சா?”

“பூட்டியாச்சுங்க” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எதுக்கும் பாத்துட்டு வர்றேன்.”

போனவர் திரும்பி வரக் கேட் ஒன்றைப் புதிதாகச் செய்து மாட்டும் நேரம் ஆயிற்று. அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஊரிலுள்ள வீடு சம்பந்தமாகப் பேச்சு நின்று வெகுநாளாகிறது. வந்து உட்கார்ந்தவரிடம் படம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆபீஸ் நண்பர் போனில் கேட்டபோது, “கொஞ்சம் ஸ்லோ” என்றார். இந்த “கொஞ்சம் ஸ்லோ” என்பதற்குத் தமிழ்க் குடும்பங்களில் உள்ள பொருட்செறிவைத் தனியே ஆராய வேண்டும். ஆய்வாளர்க்கு நான் தரும் வழிகாட்டல் இவ்வளவே: தமிழ் ஆண் ஒருவர் பார்த்த படத்தின் தரத்தை அறிய, அவர் அதன் நடுவில் கேட்டையோ சிலிண்டரையோ மோட்டார் ஸ்விட்சையோ எத்தனை முறை சரிபார்த்தார் என்று அவர் மனைவியிடம் கேட்க.

இங்கே ஒரு தடை எழுப்புவார் உளர். வாய்ச்சொல் பொய் என்றால், ஊரெல்லாம் ஒருமித்துச் சொல்லும் “முதல் பாதி சூப்பர், ரெண்டாவது பாதி இழுவை” என்ற தீர்ப்பு எப்படி வந்தது? நல்ல கேள்வி. அந்தத் தீர்ப்பு தியேட்டரில் பிறந்தது. அங்கே இடைவேளை உண்டு. டீக்கும் சமோசாவுக்கும் நடுவில் முதல் பாதிக்கு மதிப்பெண் போட்டுவிட்டு உள்ளே போவது நம் மரபு. 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்து, ஞாயிறு மாலைப் படம் வீட்டுக்குள் நுழைந்தபோது, நடுவில் வந்த செய்தி இடைவேளையின் வேலையைச் செய்தது. டெக் வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் ஓட்டிய காலத்தில் கேசட் மாற்றும் நேரம் செய்தது. தனியார் சேனல்களில் விளம்பரங்கள் அந்தக் கடமையைத் தேவைக்கு மேலேயே நிறைவேற்றின. ஓடிடியில்தான் முதன்முறையாக இடைவேளை ஆதரவற்றுப் போயிற்று. திரையில் “இடைவேளை” என்று எழுத்து வருகிறது. நாம் மூச்சு விடுவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

ஆனாலும் வீட்டில் பார்த்தவரும் இரண்டாம் பாதி இழுவை என்றே சொல்கிறார். ஏன்? கள ஆய்வில் கண்டது: வீடுகளில் படத்தைப் பாதியாகப் பிரிப்பவர் இயக்குநர் அல்லர், சாப்பாடு. எட்டரை மணிக்குப் படம் போடுகிறார்கள். ஒன்பதரைக்கு “சாப்ட்டுட்டு மிச்சத்தப் பாக்கலாம்” என்று நிறுத்துகிறார்கள். ஆறு இட்லியும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் உள்ளே போனபின் தொடரும் எந்தப் படமும் இழுக்கத்தான் செய்யும். ஹிட்ச்காக் வந்து எடுத்தாலும் இழுக்கும். ஆகவே இரண்டாம் பாதி பற்றிய குற்றச்சாட்டுகளில் கணிசமானவற்றைத் திரைக்கதை ஆசிரியர்கள் மேலிருந்து இறக்கி இட்லி மேல் ஏற்ற வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. தோசை சுடச்சுட வருவதால் அதைத் தின்பவர் படத்தை நிறுத்தாமல் மடியில் தட்டை வைத்துப் பார்ப்பதுண்டு; அவ்வீடுகளில் இரண்டாம் பாதிக்குப் பாதகமில்லை. தோசை சுடுபவர் கதி வேறு.

அவர் கதியைப் பேசினால் “பார்த்தல்” என்றால் என்ன என்ற அடிப்படைச் சிக்கலுக்கு வந்துவிடுகிறோம். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்துக்கே இதில் தெளிவு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. முதலில் ஒரு படத்தில் 70 விழுக்காடு ஓடியிருந்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. 2020 தொடக்கத்தில் இரண்டே நிமிடம் ஓடினால் போதும் என்றார்கள். பிறகு அதையும் விட்டு, 2023இல், பார்த்த மொத்த மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுக்கத் தொடங்கினார்கள். எந்த முறையிலும் எங்கள் அம்மா அகப்படமாட்டார். அவர் சமையலறையிலிருந்து படத்தைக் கேட்பவர். இதை இளக்காரமாக நினைப்பவர்கள் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறையை அறியாதவர்கள். ‘திருவிளையாடல்’ கதை வசனத்தைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டே தருமியின் முகபாவத்தைக் கண்டவர்கள் அவர்கள். அம்மா கேட்ட படத்துக்குச் சொல்லும் தீர்ப்பு, பார்த்தவர் தீர்ப்பைவிடப் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. “ஒரே கத்தல். ஒருத்தன் வாயிலயும் ரெண்டு வரி முழுசா வரல.” அண்மைக்கால அடிதடிப் படங்கள் பற்றி இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் அச்சில் படித்ததில்லை. தியேட்டரில் விசில் எப்போது பறந்தது என்று பார்த்துக் காட்சியின் தரம் சொல்வார்கள். வீட்டில் விசில் அடிப்பது குக்கர் மட்டுமே. அது மூன்றடித்தும் யாரும் எழுந்து போகவில்லை என்றால் படத்தில் ஏதோ இருக்கிறது.

இதிலிருந்தே அளவையை உருவாக்கிவிடலாம். மதிப்பெண் முறை நமக்குப் புதிதல்ல. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 1977இல் வந்தபோது ஆனந்த விகடன் 62.5 கொடுத்தது, அந்த அரை மதிப்பெண் எந்தக் காட்சிக்கு விழுந்தது என்ற கேள்வி இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2017வரை ஐந்து நட்சத்திரம் கேட்டது. பிறகு கட்டைவிரல் மேலா கீழா என்று மட்டும் கேட்டது. 2022இல் இரண்டு கட்டைவிரல் தூக்கலாம் என்று சலுகை தந்தது. எல்லாமே படம் முடிந்தபின் கேட்கும் கேள்விகள், ஆகவே வாய்ச் சான்றின் குறைபாடு உடையவை. நான் முன்வைப்பது பால் அளவை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தவர், நேரத்துக்கு எழுந்து போய் அணைத்தால் படம் சுமார். “ஐயையோ பால்!” என்று ஓடினால் நல்ல படம். தீய்ந்த வாசனை வந்து, அது படத்துக்குள்ளிருந்து வருகிறதோ என்று ஒரு கணம் மயங்கினால் அது காவியம். எங்கள் வீட்டில் இதுவரை ஒரே ஒரு பாத்திரம்தான் அந்த நிலையை எட்டியது. ‘மகாராஜா’, விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம், கடைசி இருபது நிமிடம். பாத்திரம் இன்னும் கொல்லையில் கிடக்கிறது.

‘மகாராஜா’ என்றதும், முன்பே பார்த்தவர் என்னும் வகையினரைச் சொல்லாமல் விட முடியாது. காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்ட படம் அது. அதை ஏற்கெனவே தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த அக்கா மகன், வீட்டில் இரண்டாம் முறை ஓடியபோது திரையின் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “இப்ப பாருங்க, இப்ப பாருங்க.” எங்களுக்கு அதிர்ச்சி வரும் கணத்தைப் பிடிப்பதே அவனுக்குப் படம். சோவியத் இயக்குநர் குலெஷோவ் ஒரு நடிகனின் ஒரே முகத்தை எடுத்து, சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். பார்த்தவர்கள் பசி என்றும் துக்கம் என்றும் அந்த முகத்தில் படித்து நடிப்பைப் பாராட்டினார்களாம். அக்கா மகன் அதே வழியில் எங்கள் பெரியப்பாவின் முகத்தைப் படித்தான். சண்டையில் உறுதி, சோகத்தில் தளர்ச்சி, திருப்பத்தில் பிரமிப்பு. “தாத்தாவுக்குத்தான் படம் நல்லா கனெக்ட் ஆயிருக்கு” என்று சான்றிதழும் தந்தான். பெரியப்பா அரைக்கண் திறந்தபடி தூங்கும் வழக்கம் உடையவர்.

ஏனைய மெய்ப்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். பாட்டு வந்தால் தள்ளிவிடுவது விரைவின்பாற்படும். ராத்திரி பத்து மணிக்கு என்ன பார்ப்பது என்று தேடத் தொடங்கிப் பத்தே முக்காலுக்குப் பழைய வடிவேலு காமெடியில் வந்து நிற்பது மடிமை. படம் முடிந்ததும் அப்பாக்கள் சொல்லும் “நல்லவேளை தியேட்டருக்குப் போகல” என்பது உவகை. படம் எவ்வளவு மோசமோ உவகை அவ்வளவு பெரிது. நல்ல படம் பார்த்த அன்று அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். எதையும் மிச்சம் பிடிக்க முடியாமல் போன வருத்தம்.

முடிவாக வாசகரிடம் ஒரு வேண்டுகோள். இனி யாராவது உங்களிடம் “படம் எப்படி?” என்று கேட்டால், சூப்பர் என்றோ மொக்கை என்றோ சொல்லாதீர்கள். எத்தனையாவது நிமிடத்தில் தூங்கினீர்கள், எந்த இடத்தில் எழுந்து போனீர்கள், பால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தைக் கேட்டவரே புரிந்துகொள்வார். ‘மகாராஜா’வின் முடிவை மட்டும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். எங்கள் பெரியப்பா அதை இன்னும் பார்க்கவில்லை.